ஞானத்திற்காக ஜெபிப்பவர் தாமும் சிந்திக்க வேண்டுமா?

கேள்வி: தெளிவைத்தேடி

அனைவருக்கும் வணக்கம். இந்தக் கேள்வியைப் பல முறை எழுதி அழித்துவிட்டு, இப்போதுதான் துணிந்து பதிவிடுகிறேன்.

என் தாயாருக்கு வயது 74. தந்தை காலமான பிறகு தனியாகவே வசித்து வருகிறார். கடந்த ஓராண்டாக அவருக்கு நினைவு தடுமாறத் தொடங்கியிருக்கிறது. இது ஆரம்ப நிலைதான் என்றும், நாட்கள் செல்லச் செல்லக் கூடும் என்றும் மருத்துவர் கூறிவிட்டார். முதியோரைப் பராமரிக்கும் இல்லம் ஒன்றில் அவரைச் சேர்த்துவிடலாம் என்பது என் அண்ணனின் கருத்து. நானோ, பதினாறு ஆண்டுகளாகப் பார்த்துவரும் வேலையை விட்டுவிட்டு அவருடன் இருக்க வேண்டுமோ என்று தவித்துக்கொண்டிருக்கிறேன். வேலையை விட்டால் என் பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகும் என்ற கவலையும், விடாவிட்டால் பிற்காலத்தில் என் மனச்சாட்சி என்னைச் சும்மா விடுமா என்ற கவலையும் ஒன்றையொன்று துரத்துகின்றன.

"உங்களில் ஒருவன் ஞானத்தில் குறைவுள்ளவனாயிருந்தால்" என்று தொடங்கி, அவன் தேவனிடத்தில் கேட்கட்டும், அவனுக்குக் கொடுக்கப்படும் என்று சொல்லும் யாக்கோபு நிருபத்தின் வசனத்தைப் பிடித்துக்கொண்டு ஐந்து மாதங்களாக ஜெபித்து வருகிறேன். வாரம் ஒரு நாள் உபவாசமும் இருக்கிறேன். தெளிவு வரவில்லை. எங்கள் ஜெபக்குழுவில் ஒரு சகோதரி, தாயைக் கனம்பண்ணும்படி கர்த்தர் எனக்குச் சொல்லச் சொன்னதாகக் கூறினார். அதற்கு அடுத்த வாரமே இன்னொருவர், நான் வேலையை விடக்கூடாது என்று கர்த்தர் தமக்கு உணர்த்தியதாகக் கூறினார். இருவரும் உண்மையாகவே என்மீது அன்பு கொண்டவர்கள். அதனாலேயே என் குழப்பம் இரட்டிப்பாயிற்று.

வரவு செலவுகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்து, இரண்டு வழிகளின் நன்மை தீமைகளை நான் பட்டியலிட்டிருந்ததைக் கண்ட சபை மூப்பர் ஒருவர், "உன் சுயபுத்தியின்மேல் சாயாதே என்று வேதம் சொல்கிறது, நீ அதிகமாக யோசிக்கிறாய், அந்த யோசனைதான் தேவசித்தம் உனக்கு வெளிப்படத் தடையாக இருக்கிறது" என்றார். அன்று முதல் சிந்திக்கவே எனக்கு அச்சமாக இருக்கிறது.

நான் கேட்க விரும்புவது இதுதான். தேவனிடத்தில் ஞானத்தைக் கேட்ட பிறகு, நாமும் ஆராய்ந்து பார்ப்பது அவிசுவாசமா? உள்ளத்தில் தோன்றும் ஓர் எண்ணம் அவரிடமிருந்து வந்ததா, என் விருப்பமே அவருடைய குரலில் பேசுகிறதா என்பதை எப்படி வேறுபடுத்தி அறிவது? அதே வசனத்தின் தொடர்ச்சி, சந்தேகப்படுகிறவன் எதையாவது பெறலாமென்று நினையாதிருக்கக்கடவன் என்கிறது. இவ்வளவு குழம்பியிருக்கும் நான், கேட்கும் தகுதியையே இழந்துவிட்டேனோ?

பதில்: பழையமாணவன்

சகோதரி, உங்கள் கடைசிக் கேள்விதான் உங்களை அதிகமாக வதைக்கிறது என்று தோன்றுவதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

யாக்கோபு அந்த இடத்தில் சந்தேகம் என்று குறிப்பதற்குப் பயன்படுத்தும் கிரேக்க வினைச்சொல்லின் அடிப்படைப் பொருள் பிரித்தல், வேறுபாடு காட்டுதல் என்பதாகும். அதே சொல்லை அவர் அடுத்த அதிகாரத்தில், செல்வந்தனுக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குக் காலடியும் ஒதுக்கி, தங்களுக்குள்ளே பேதம் பாராட்டுகிற சபையாரைக் கண்டிக்கும்போது மீண்டும் பயன்படுத்துகிறார். முதல் அதிகாரத்தின் எட்டாம் வசனத்தில் வரும் "இருமனமுள்ளவன்" என்ற சொல்லும் நேர்ப்பொருளில் இரண்டு ஆத்துமாக்களை உடையவன் என்றே பொருள்படும். ஆகவே அவர் கண்டிப்பது, எந்த வழி நல்லது என்று தெரியாமல் திகைப்பவரை அன்று. தேவனையும் வைத்துக்கொண்டு, அவர் சொல்வது பிடிக்காவிட்டால் ஓடி ஒளிவதற்கு வேறோர் இடத்தையும் ஆயத்தமாக வைத்திருப்பவரையே. தேவன் "சம்பூரணமாய்" கொடுக்கிறார் என்று நம் மொழிபெயர்ப்பில் உள்ள சொல்லோ, மூலத்தில் மடிப்பில்லாத ஒற்றை மனத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வருகிறது. ஒற்றை மனத்தோடு கொடுக்கிறவரிடம் இரட்டை மனத்தோடு கேட்காதே என்பதுதான் அங்குள்ள எதிர்நிலை. உங்களுக்கு ஞானம் குறைவாக இருக்கிறது என்பது அந்த வசனம் உங்களை அழைப்பதற்கான காரணமே தவிர, உங்களை விலக்குவதற்கான காரணம் இல்லை. கேட்கிறவரை அவர் கடிந்துகொள்வதில்லை என்றும் அதே வசனம் கூறுகிறது, மனிதர்தாம் கடிந்துகொள்கிறோம்.

இனி, உங்கள் மூப்பர் சுட்டிய வசனத்திற்கு வருகிறேன். நீதிமொழிகள் 3:5-இல் "சுயபுத்தி" என்பதில் வரும் புத்திக்கு எபிரெயத்தில் "பீனா" என்று பெயர். அடுத்த அதிகாரத்திலேயே, "ஞானத்தைச் சம்பாதி, புத்தியையும் சம்பாதி" என்று தந்தை மகனுக்குக் கட்டளையிடுகிறார். அங்கேயும் அதே "பீனா"தான். இரண்டாம் அதிகாரத்தில் அதைச் சத்தமிட்டு அழைக்கும்படியும், வெள்ளியைத் தேடுவதுபோல் தேடும்படியும் கூறுகிறார். வெள்ளியைத் தேடுகிறவன் நிலத்தைத் தோண்டுகிறான். கண்களை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. ஒரே நூல் அடுத்தடுத்த பக்கங்களில் ஒரே பொருளைத் தேடு என்றும் தேடாதே என்றும் சொல்ல முடியாது அல்லவா?

விடை, "சாயாமல்" என்ற வினையில் இருக்கிறது. இஸ்ரவேலின் முதல் ராஜாவாகிய சவுல் தன் கடைசி நாளில் ஈட்டியின்மேல் சாய்ந்து நின்றதைக் கூறும்போதும் இதே எபிரெயச் சொல்தான் வருகிறது. முழு எடையையும் ஒன்றின்மேல் போட்டு, அது முறிந்தால் தானும் விழும்படி நிற்கிற நிலை அது. புத்தியைப் பயன்படுத்துவது வேறு, அதை மட்டுமே ஊன்றுகோலாகக் கொள்வது வேறு. இரண்டு வசனம் தள்ளி, "நீ உன்னை ஞானியென்று எண்ணாதே" என்று அந்த ஆசிரியரே தம் கருத்தை விளக்கியும் விடுகிறார். தாளில் கணக்கெழுதிப் பார்க்கிறவர் தம்மை ஞானியென்று எண்ணிக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை.

எபிரெயர்கள் ஞானம் என்று எதைக் கருதினார்கள் என்பதையும் பாருங்கள். "ஹொக்மா" என்ற அந்தச் சொல், ஆசரிப்புக் கூடாரத்திற்குப் பொன்னிலும் மரத்திலும் வேலை செய்யத் தேவன் பெசலெயேல் என்ற கைவினைஞனை நிரப்பிய திறமைக்கும் பெயராக இருக்கிறது. கடற்புயலில் சிக்கிய மாலுமிகளின் ஞானமெல்லாம் முழுகிப்போயிற்று என்று 107-ஆம் சங்கீதம் சொல்லும்போதும், கப்பலை நடத்தும் திறமையையே அது குறிக்கிறது. கைக்கும் கண்ணுக்கும் பழகி வருகிற ஒன்றையே அவர்கள் ஞானம் என்றார்கள். தேவன் பெசலெயேலை நிரப்பினார் என்பது உண்மை. உளியைப் பிடித்தது பெசலெயேலின் கை என்பதும் அதே அளவுக்கு உண்மை.

பதில்: நேர்வழி

மேலே எழுதியவரின் மொழியறிவை மதிக்கிறேன். ஆயினும் ஓர் எச்சரிக்கையைப் பதிவுசெய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். ஆபிரகாம் தான் போகும் இடம் இன்னதென்று அறியாமல் புறப்பட்டான் என்றே எபிரெயர் நிருபம் சொல்கிறது. அவன் வரவு செலவு எழுதிப் பார்த்திருந்தால் ஊரைவிட்டே கிளம்பியிருக்க மாட்டான். எல்லாவற்றையும் ஆராய்ந்து, எல்லாம் விளங்கிய பிறகே அடி எடுத்து வைப்பேன் என்பவர் கடைசிவரை அடி எடுத்து வைப்பதேயில்லை. இந்த நோயை நான் என்னிலேயே கண்டிருக்கிறேன். மூன்று ஆண்டுகள் "இன்னும் தெளிவு வரட்டும்" என்று காத்திருந்ததற்கு உண்மையான பெயர் பயம் என்பது பின்னர்தான் எனக்குப் புரிந்தது. சகோதரியின் மூப்பர் சொன்ன முறை கடுமையாக இருந்திருக்கலாம். சொன்னதில் சத்தே இல்லை என்று தள்ளிவிட வேண்டாம்.

பதில்: மாலைமணி

நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவள். எங்கள் மரபில் இதற்குத் "தெளிந்து தேர்தல்" என்று பெயர். இயேசு சபையைத் தோற்றுவித்த புனித இஞ்ஞாசியாரின் அனுபவத்திலிருந்து வளர்ந்த ஒரு வழிமுறை அது. உங்கள் இரண்டாவது கேள்விக்கு அது நேரடியாகப் பயன்படும் என்று நம்புகிறேன்.

இஞ்ஞாசியார் படைவீரராக இருந்தவர். 1521-இல் பாம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டு அவரது கால் நொறுங்கியது. லொயோலாவில் தம் குடும்ப வீட்டில் படுக்கையில் கிடந்த மாதங்களில், பொழுது போவதற்கு வீரர்களின் சாகசக் கதை நூல்களைக் கேட்டார். அந்த வீட்டில் அவை இல்லை. கிடைத்தவை இயேசுவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும் மட்டுமே. ஒரு நாள் உயர்குடிப் பெண் ஒருவருக்காகச் செய்யப்போகும் வீரச்செயல்களைக் கற்பனை செய்து மகிழ்வார். மறுநாள் புனிதர்களைப்போல் வாழ்வதைக் கற்பனை செய்து மகிழ்வார். இரண்டும் அந்த நேரத்தில் இனிமையாகவே இருந்தன. ஆனால் முதல் கற்பனை கலைந்த பிறகு உள்ளம் வறண்டு கிடந்ததையும், இரண்டாவது கற்பனை கலைந்த பிறகும் மகிழ்ச்சி நீடித்ததையும் ஒரு நாள் கவனித்தார். அவர் பின்னாளில் வகுத்த விதிகளுக்கெல்லாம் இந்தக் கவனிப்பே விதை.

ஆகவே ஓர் எண்ணம் தோன்றும்போது அது எவ்வளவு வலிமையாகத் தோன்றுகிறது என்பதைப் பார்க்காதீர்கள். அது விட்டுச்செல்லும் சுவடு எப்படிப்பட்டது என்பதைப் பாருங்கள். ஒரு வாரத்திற்கு, நீங்கள் ஏற்கெனவே வேலையை விட்டுவிட்டதாகவே எண்ணிக்கொண்டு அன்றாடச் செயல்களைச் செய்து, ஒவ்வோர் இரவும் உள்ளத்தின் நிலையை இரண்டு வரியில் எழுதி வையுங்கள். அடுத்த வாரம், வேலையில் தொடர்வதாக முடிவெடுத்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டு அதேபோல் எழுதுங்கள். பிறகு இரண்டையும் இறைவனின் முன்னிலையில் வாசியுங்கள். அமைதி எந்தப் பக்கம் தங்குகிறது என்பதும், எந்தப் பக்கம் நீங்கள் உங்களையே நியாயப்படுத்திக்கொண்டிருக்கிறீர்கள் என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

இன்னொரு விதியும் உண்டு, அதை நான் மீறித் துன்பப்பட்டிருக்கிறேன்: உள்ளம் வறண்டும் கலங்கியும் இருக்கும் காலத்தில், முன்பு தெளிவாக எடுத்த முடிவை மாற்றக் கூடாது. சோர்ந்திருக்கும்போது எல்லா மாற்றங்களும் விடுதலை போலவே தோன்றும்.

யாக்கோபு தம் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்தில், மேலிருந்து வரும் ஞானம் தூய்மையும் அமைதியும் பொறுமையும் இணங்கிப்போகும் தன்மையும் கொண்டது என்கிறார். எனக்குக் கிடைத்த தெளிவு என்னை என் அண்ணனோடு பேசவே முடியாதவளாக ஆக்கியிருந்தால், அது மேலிருந்து வந்ததா என்று நான் ஐயப்படுவேன்.

பதில்: விலகிநிற்பவன்

நான் ஒரு காலத்தில் விசுவாசி, இப்போது இல்லை. புண்படுத்தும் நோக்கத்தோடு எழுதவில்லை. தெளிவு வந்தால் தேவன் பேசினார், வராவிட்டால் காத்திருக்கச் சொல்கிறார், இருவர் முரண்பட்டுப் பேசினால் ஒருவர் தவறாகக் கேட்டுவிட்டார் என்று எல்லா விளைவுகளுக்கும் ஒரு விளக்கம் ஆயத்தமாக இருக்கிறது. எது நடந்தாலும் பொருந்திப்போகும் ஒன்றை, உண்மை என்று எதை வைத்து அறிவது? என் மனைவியின் நோயின்போது நானும் ஞானத்தைக் கேட்டேன். கிடைத்தது மௌனம். பின்னர் இரண்டு மருத்துவர்களிடம் தனித்தனியே விசாரித்து முடிவெடுத்தேன். அந்த முடிவு எனக்கு இன்றும் சரியாகவே படுகிறது.

பதில்: பழையமாணவன்

விலகிநிற்பவன் ஐயாவுக்கு: உங்கள் வாதத்தின் முதல் பகுதியை நான் மறுக்கப் போவதில்லை. எல்லாவற்றிற்கும் பொருந்தும் விளக்கம் எதையும் விளக்குவதில்லை என்பது சரியே, "கர்த்தர் எனக்குச் சொன்னார்" என்ற சொற்றொடரை நம்மவர்கள் எவ்வளவு மலிவாக்கிவிட்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கும் வருத்தமாக இருக்கிறது. மௌனத்தைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு வாதத்தால் பதில் சொல்வது தகாது. யோபுவுக்கும் அவன் கேட்ட கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. தேவன் பேசியபோதும் கேள்விகளாகவே பேசினார். ஆனால் அந்த நூலின் முடிவில் கண்டிக்கப்படுகிறவர்கள், தேவனுக்காக வாதாடிய நண்பர்கள். தேவனோடு வழக்காடிய யோபுவே நிதானமாய்ப் பேசியவன் என்று தீர்ப்பாகிறது. வேதத்தில் இதை வாசிக்கும்போதெல்லாம், உங்களைப்போல் எழுதுகிறவர்களிடம் அவசரமாகப் பதில் சொல்லக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். விசுவாசத்தால் ஞானம் பெறுவது என்பதைத் தகவல் பெறுவதாக எண்ணினால் உங்கள் வாதம் முழுமையாக வென்றுவிடும். நம்பிக்கை என்பது அறியும் முறையிலேயே ஓர் உறுப்பு என்று எண்ணிப் பாருங்கள். ஆசிரியரை ஓரளவு நம்பாத மாணவன் எந்தக் கலையையும் கற்பதில்லை. புரிந்த பிறகு நம்புவேன் என்பவனுக்குப் புரிவதற்கான வாசலே திறப்பதில்லை. ஏசாயா 7:9-இல் "நீங்கள் விசுவாசியாவிட்டால் நிலைபெறமாட்டீர்கள்" என்று நாம் வாசிக்கிறோம். அதே வசனம் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில், நம்பாவிட்டால் புரிந்துகொள்ளமாட்டீர்கள் என்று இருக்கிறது. கி.பி. 354-இல் பிறந்து, ஒளி, இருள் என்ற இரண்டு ஆதி சக்திகளை நம்பிய மானிகேயருடன் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளைக் கழித்து, 387-இல் ஞானஸ்நானம் பெற்ற இறையியலாளர் அகுஸ்தீன், இந்த இரண்டாவது வாசிப்பைத்தான் தம் வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தார். இரண்டு வாசிப்புகள் இருப்பதும் அவருக்குத் தெரியும். இரண்டிலும் கற்றுக்கொள்ள இருக்கிறது என்றார். ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகள் கழித்து வந்த இறையியலாளர் அன்செல்ம், "புரிதலைத் தேடும் விசுவாசம்" என்ற தொடரை விட்டுச்சென்றார். தேடும் என்ற அந்தப் பெயரெச்சம் இல்லாவிட்டால் அந்தத் தொடரில் ஒன்றுமே மிஞ்சாது.

சகோதரர் நேர்வழிக்கும் ஒரு சொல். ஆபிரகாமுக்குப் போகும் இடம்தான் தெரியாது. அழைத்தவர் யார் என்பதில் அவனுக்கு ஐயம் இருக்கவில்லை. நம் சகோதரிக்கோ இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே ஆபிரகாமை விடப் பொருத்தமானது அப்போஸ்தலர் 15-ஆம் அதிகாரம் என்று நினைக்கிறேன். யூதரல்லாத புறஜாதியாரைச் சபையில் சேர்த்துக்கொள்ளும் முறை பற்றி எருசலேமில் கூடியவர்கள் எழுதிய கடிதத்தில், "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று ஒரு வரி வருகிறது. அந்த வரிக்கு முன் நடந்தது என்ன? மிகுந்த தர்க்கம் உண்டாயிற்று. பேதுரு தாம் கண்டதைச் சொன்னார். பவுலும் பர்னபாவும் நடந்தவற்றை விவரித்தார்கள். யாக்கோபு தீர்க்கதரிசிகளின் வசனத்தோடு அவற்றை ஒப்பிட்டார். ஆவியானவரின் நடத்துதல் இத்தனை பேச்சின் ஊடாகத்தான் வந்தது. மயிருள்ள தோலைக் களத்தில் போட்டு, அதில் பனி பெய்கிறதா என்று பார்த்துத் தேவனிடம் அடையாளம் கேட்ட கிதியோனைப்போல் நீங்களும் தோலைப் போட்டுப் பார்க்கலாமே என்று யாராவது உங்களுக்கு ஆலோசனை கூறியிருப்பார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன்: கிதியோனுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது ஏற்கெனவே தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது. தோல் அவனுடைய தயக்கத்திற்காக. வழி தெரியாமைக்காக இல்லை.

பதில்: அடியார்க்கடியன்

சைவ மரபில் வளர்ந்தவன் என்பதால் இந்த உரையாடலில் நுழையலாமா என்று தயங்கினேன். கேள்வி எல்லா மரபுகளுக்கும் பொதுவானது என்பதால் எழுதுகிறேன்.

கற்றதனால் ஆய பயன் என்ன என்று இரண்டாம் குறளிலேயே வள்ளுவர் கேட்டுவிடுகிறார். வாலறிவன் நற்றாள் தொழாவிட்டால் அந்தக் கல்வி நிறைவடையவில்லை என்பது அவர் கருத்து. அதே வள்ளுவர்தான் எப்பொருள் எத்தன்மைத்தாயினும் அதன் மெய்ப்பொருளைக் காண்பதே அறிவு என்றும் கூறுகிறார். தொழுவதும் காண்பதும் அவருக்கு முரணாகப் படவில்லை.

எங்கள் சித்தாந்தத்தில் இதற்கு ஓர் உவமை உண்டு. கண்ணுக்குப் பார்க்கும் ஆற்றல் இருக்கிறது. ஆனால் இருளில் அது எதையும் காணாது. கதிரவனின் ஒளி வந்தால் காணும். ஒளி பொருளைக் காட்டுகிறது என்றாலும், கண்ணோடு உயிர் சேர்ந்து நின்று காண வேண்டியிருக்கிறது. இறைவன் உயிருக்குச் செய்யும் உதவியைக் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். காட்டுவதோடு நின்றுவிடாமல், உடன் நின்று காண்பதும் அவன் அருளே. "அவன் அருளாலே அவன் தாள் வணங்கி" என்று மாணிக்கவாசகர் பாடியதன் பொருளும் அதுவே: வணங்குவது நான்தான், அந்த வணக்கத்தைச் செய்விப்பது அவன். இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால், இது என் சிந்தனையா இறைவனின் அருளா என்ற கேள்வி முன்போல் கூர்மையாக வெட்டாது. விடிந்துவிட்டது என்பதற்காக எவரும் கண்களை மூடிக்கொள்வதில்லை அல்லவா?

பதில்: ஓய்வுபெற்றசெவிலி

எல்லாவற்றையும் வாசித்தேன். படித்தவர்கள் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டு செய்திகள்தான் சொல்ல இருக்கின்றன.

சாலொமோன் கிபியோனில் ஞானத்தைக் கேட்டார் என்று நாம் சொல்கிறோம். அவர் கேட்டதை எபிரெயத்தில் உள்ளபடியே சொன்னால் "கேட்கிற இருதயம்" என்று எங்கள் போதகர் ஒருமுறை விளக்கினார். அந்தச் சொப்பனம் முடிந்தவுடன் அதே அதிகாரத்தில் இரண்டு பெண்களின் வழக்கு வருகிறது. பிள்ளை யாருடையது என்று வானத்திலிருந்து ஒரு குரலும் சொல்லவில்லை, தரிசனமும் இல்லை. இருவரும் பேசுவதை ராஜா முழுவதும் கேட்டார், பட்டயத்தைக் கொண்டுவரச் சொன்னார், யாருடைய குடல் துடிக்கிறது என்று பார்த்தார். அவ்வளவுதான். தேவன் கொடுத்த ஞானம் அன்று வெளிப்பட்ட விதம், ஒரு மனிதன் இன்னொரு மனிதரைக் கூர்ந்து கவனித்த விதமாகவே இருந்தது. மூவாயிரம் நீதிமொழிகளைச் சொன்ன அதே ராஜா வயது சென்றபோது கேட்பதை நிறுத்திவிட்டார். அவருடைய இருதயம் வழுவிப்போயிற்று. ஒருமுறை பெற்றுப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்ளக்கூடிய பொருளாக ஞானம் இருந்திருந்தால் அப்படி நடந்திருக்காது.

இரண்டாவது, உங்களிடம் ஒரு கேள்வி மகளே. உங்கள் பதிவை மூன்று முறை வாசித்தேன். அண்ணன் சொன்னது இருக்கிறது, ஜெபக்குழு சொன்னது இருக்கிறது, மூப்பர் சொன்னது இருக்கிறது, மருத்துவர் சொன்னதும் இருக்கிறது. உங்கள் அம்மா என்ன சொன்னார்? நினைவு தடுமாறும் நோயாளிகளோடு நான் பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்குத் தங்களுக்கு என்ன வேண்டும் என்பது நன்றாகவே தெரியும். நாம்தான் அவர்களை அறையில் வைத்துக்கொண்டே அவர்களைப் பற்றிப் படர்க்கையில் பேசத் தொடங்கிவிடுகிறோம். காலைப் பொழுதில் கேளுங்கள், மாலையில் அவர்கள் களைத்துப்போவார்கள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். விடை வரத் தாமதமானால் நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள்.

பதில்: தெளிவைத்தேடி

பதினொரு நாட்கள் கழித்து எழுதுகிறேன். தாமதத்திற்கு மன்னிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நன்றி. விலகிநிற்பவன் ஐயா, உங்கள் பதிவை நான் புண்படுத்துவதாக எண்ணவில்லை. அந்த மௌனத்தை நானும் அறிவேன். நேர்வழி சகோதரரே, என் காத்திருப்பிலும் பயம் கலந்திருக்கிறது என்பது உண்மைதான்.

செவிலி அம்மா கேட்ட கேள்வியை வாசித்தபோது வெட்கமாக இருந்தது. ஐந்து மாதங்களில் ஒருமுறைகூட நான் அம்மாவிடம் கேட்கவில்லை. அவருக்காக ஜெபித்தேன், அவரைப் பற்றிப் பேசினேன், அவருக்கு எது நல்லது என்று பட்டியலிட்டேன். அவருக்குக் கவலை தரக்கூடாது என்பதுதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

சென்ற சனிக்கிழமை காலையில், அவர் ஜன்னலோரம் அமர்ந்திருந்தபோது, "அம்மா, இனிமேல் எப்படி இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டேன். நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. எடுத்துக்கொடுக்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பதை அன்றுதான் அறிந்தேன். பிறகு, "உன்னை வேலையை விடச் சொல்லி நான் எப்போது கேட்டேன்? பகலெல்லாம் எனக்கு ஒன்றுமில்லை. இரவில் விழிப்பு வந்தால் இது எந்த வீடு என்று தெரியவில்லை. அப்போது யாராவது பக்கத்தில் இருந்தால் போதும்" என்றார்.

நானும் அண்ணனும் ஜெபக்குழுவில் இருந்த இருவரும் வேலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். இரவைப் பற்றி எங்களில் ஒருவருமே யோசித்திருக்கவில்லை.

அன்று மாலையே அண்ணனை அழைத்து இதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வாரத்தில் மூன்று இரவுகளைத் தாம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மற்ற நான்கு இரவுகள் நான் அங்கே தங்குகிறேன். இளைய மகளையும் உடன் அழைத்துச் செல்கிறேன். பகலில் வந்து துணையிருக்க ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். அம்மாவின் நிலை இப்படியே இருக்காது என்பதும், வேலையைப் பற்றிய கேள்வி இன்னும் ஓராண்டிலோ இரண்டு ஆண்டுகளிலோ திரும்ப வரும் என்பதும் எனக்குத் தெரியும். மாலைமணி அவர்கள் சொன்னபடி இரவில் இரண்டு வரி எழுதத் தொடங்கியிருக்கிறேன். இப்போதைக்கு அதில் அம்மா சொல்கிறவற்றைத்தான் எழுதி வைக்கிறேன். நேற்றிரவு இரண்டு மணிக்கு எழுந்து, "நீ இருக்கிறாயா?" என்று கேட்டார். "இருக்கிறேன் அம்மா" என்றேன். மீண்டும் உறங்கிவிட்டார்.